முடியை ஒதுக்கினால் டிங்

அந்தக் கணினிக் கலைஞர் ஒல்லியானவர். பேச்சுக்குப் பேச்சு முடியைக் காதோரம் ஒதுக்குவார். வெண்ணந்தூர்க் கல்யாண மண்டபத்தில் கேமராவும் ஒலிபெருக்கியும் பொருத்தியிருந்தார். கேமரா முன் நாம் அசைந்தால் அசைவே இசையாகும்.

"யாராச்சும் ஆடுங்களேன்" என்று கெஞ்சினார். என்னையும் சேர்த்து ஊர் கைகட்டி உட்கார்ந்திருந்தது. யாரும் ஆடாவிட்டால் அவருடைய ஆறு மாத உழைப்பு ஊமை. அவர் முடி ஒதுக்கும்போது மட்டும் 'டிங்' என்றது.

விசைத்தறி இரைச்சலில் கையாலேயே பேசிப் பழகிய இரண்டு பெண்கள், ஆளுக்கொரு மூலையிலிருந்து சைகையில் பேசத் தொடங்கினார்கள். மண்டபம் மத்தளமும் மணியுமாய்க் கொட்டித் தீர்த்தது.

கலைஞர் துள்ளி ஓடினார். "அப்படி என்னங்கக்கா பேசுனீங்க?"

"இது எப்ப முடியும், ஊட்டுக்குப் போகோணும்னேன் சாமி."

"அதையே இன்னொருக்காச் சொல்லுங்க."

மூவரும் ஆடினார்கள். பிறகு ஊரே எழுந்து, வீட்டுக்குப் போகவேண்டும் என்று கைகளால் பாடியது. ஒருவரும் போகவில்லை. நான் இன்றுவரை முழுதாக வீடு திரும்பவில்லை.