ஈஸ்வரி ஒதுக்கிவைக்கும் பழம்

வாழைத்தார் வண்டியிலிருந்து இறங்கியதும் ஈஸ்வரி அதைத் தூக்கிப் பார்ப்பதில்லை, பழுத்திருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பதுமில்லை. சாக்கின்மேல் படுக்கவைத்து, கண்ணை எதிர்ச் சுவரில் வைத்துக்கொண்டு, சீப்புக்குச் சீப்பு விரல்களை உள்ளே விட்டுத் துழாவுகிறாள். ஏதோ ஓரிடத்தில் விரல் நின்றுவிடும். உடனே கத்தியை எடுத்து அந்த ஒரு பழத்தை மட்டும் காம்போடு அறுத்து, திரும்பிப் பார்க்காமலே பின்னால் கொண்டுபோய், இன்னொரு சாக்குக்கு அடியில் இருக்கும் எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டு மூடிவிடுகிறாள். ஒரே தோலுக்குள் இரண்டு பழம் ஒட்டி வளர்ந்த இரட்டைப்பழம் அது.

"என்னக்கா, பாம்புப் பொந்துல கைய வுடுற மாதிரி வுடுறீங்க?" என்று திருவையாற்றுப் பக்கத்திலிருந்து தார் ஏற்றிவரும் ஜாஃபர் சாதிக் கேட்பான்.

"பாம்புன்னா கடிச்சிட்டுப் போயிடும். இது அப்படிப் போவாதுப்பா" என்பாள். சிரிக்கமாட்டாள்.

தஞ்சாவூரில் மெடிக்கல் காலேஜ் சாலையை விட்டுப் பிரியும் ஒரு தெருவில், புங்கமரத்தடியில் கடை. பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, விரத நாட்களில் கொஞ்சம் வெற்றிலை. நாற்பத்தேழு வயது. சேலைக்கு மேல் முழுக்கை ஆண்சட்டை. ஈ விரட்டுவது யாரோ விட்டுப்போன எக்ஸ்ரே பிலிமால். வீசும்போது வெயிலில் ஒரு விலாக்கூடு பளிச்சென்று தெரிந்து மறையும், புதிதாக வருகிறவர்கள் ஓர் அடி பின்வாங்குவார்கள். வாய்க்கோ அடேயப்பா, பூட்டே கிடையாது. பழத்தை அமுக்கிப் பார்க்கிறவரை "உங்க கன்னத்த இப்படி அமுக்கினா சும்மா இருப்பீங்களா?" என்று கேட்டுவிடுவாள். இடது கையால் எதையும் நீட்டமாட்டாள், நீட்டினால் வாங்கவும் மாட்டாள். கலெக்டர் ஆபீஸ் சூப்பரின்டெண்ட் ஒருவர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு இடது கையால் பணம் நீட்டியபோது, "போன் பேசி முடிச்சிட்டு மனுசனா வாங்க சார்" என்று நிற்கவைத்தவள்.

இருபது வயதில் கல்யாணம். ஒன்பது வருடம் வயிறு திறக்கவில்லை. அதன்பிறகு அவள் புருஷன் பாபநாசத்தில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். இதை அவள் யாருக்கும் ஒளிப்பதில்லை, யாரிடமும் அழுததுமில்லை. எதிரில் நிற்கும் நீலக்கண்ணாடிக் கட்டடத்தைக் காட்டி, "இத ஒரு இருவது வருசம் முன்னாடி கட்டியிருக்கக் கூடாதா?" என்று ஒரே ஒருமுறை சொன்னாள். அது கருத்தரிப்பு ஆஸ்பத்திரி.

அந்த ஆஸ்பத்திரி வருவதற்கு முன்னால் இரட்டைப்பழத்தைச் சீந்துவார் கிடையாது. வயசுப்பெண் இருக்கிற வீட்டில் அதை உள்ளேயே விடமாட்டார்கள், தின்றால் இரட்டைப்பிள்ளை பிறக்கும் என்று. ஈஸ்வரியின் அம்மா அவள் கையிலிருந்த ஒன்றைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தபோது அவளுக்கு எட்டு வயது. அன்றிலிருந்து இத்தனை வருடம் பழத்திலேயே புரண்டும், ஓர் இரட்டைப்பழத்தை அவள் வாயில் வைத்ததில்லை. கடைக்கு வருவதெல்லாம் தெருமாட்டுக்குப் போகும்.

ஆறு வருடம் முன்பு ஒரு நாள், கரு வைத்துக்கொண்டு வெளியே வந்த பெண் ஒருத்தி, தளும்பும் குடத்தைச் சுமக்கிறவள்போல அடிமேல் அடி வைத்து வந்து, "ரெட்டப்பழம் இருக்காக்கா?" என்று கிசுகிசுத்தாள். மாட்டுக்கு வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள் ஈஸ்வரி. அந்தப் பெண்ணுக்கு இரட்டை. சேதி பரவியது. இப்போது நன்னிலத்திலிருந்தும் வேதாரண்யத்திலிருந்தும் வருகிறவர்கள்கூட டாக்டர் பெயரோடு இவள் பெயரையும் விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். காசு வாங்கமாட்டாள். "பலிக்குமாக்கா?" என்று கேட்டால், "எனக்கென்னம்மா தெரியும், நான் பழக்காரி" என்பாள். ஆனால் பழத்தைக் காகிதத்தில் சுற்றும்போது குரலைத் தாழ்த்தி ஒன்று சொல்வாள்: "முழுசா நீதான் திங்கணும். பாதிய வைக்காத. யாருக்கும் பங்கு குடுக்காத."

இதை யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? யாருமில்லை. முதல் தடவை தானாக வாயில் வந்தது என்கிறாள்.

போன தை மாதம் ஒரு தாய் தன் மூன்று வயது இரட்டைப் பெண்களைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். ஒரே மாதிரி கவுன், ஒரே மாதிரி குடுமி. ஈஸ்வரி ஆளுக்கொரு ரஸ்தாளி நீட்டினாள். பிள்ளைகள் வாங்கவில்லை. இரண்டும் குனிந்து சாக்குக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தன. தூக்கு அங்கே இருப்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒருத்தி கையை நீட்டிக் கேட்டாள்: "அதுக்குள்ள யாரு?" மற்றவள் உதட்டில் விரல் வைத்து, "தூங்குறாங்க" என்றாள். தாய் சிரித்தாள், ஈஸ்வரியும் சிரித்துவைத்தாள். அன்றைக்குப் பூராவும் தூக்கைத் திறக்க அவளுக்குக் கை வரவில்லை.

மதிவதனி வந்தது சித்திரையில். கீழ்வேளூர்க்காரி, முப்பத்திரண்டு வயது, பள்ளிக்கூட டீச்சர். புருஷன் நெடுமாறன் சிங்கப்பூரில் வேலை, இரண்டு மாத லீவில் வந்திருந்தான். ஏற்கெனவே இரண்டு தடவை கரு வைத்தும் தங்கவில்லை. இதுதான் கடைசி என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசிவைத்திருந்தார்கள். டாக்டரம்மா ஒரே கரு போதும் என்றுதான் சொன்னார். இரண்டு வைத்தால் நாலில் ஒருத்திக்கு இரட்டை நின்றுவிடலாம், இரட்டை என்றால் குறைமாதம், எடைக்குறைவு, தாய்க்கும் ரத்தக்கொதிப்பு என்றெல்லாம் படம் போட்டுக் காட்டினார். மதிவதனி கேட்கவில்லை, இரண்டு வைத்துக்கொண்டாள். "ரெண்டா வந்துட்டா இந்த வாசப்படிய மறுபடி மிதிக்க வேணாம்லக்கா" என்றாள் ஈஸ்வரியிடம். ஈஸ்வரிக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. தூக்கிலிருந்து இருப்பதில் பெரியதாக ஒரு பூவனை எடுத்துச் சுற்றிக் கொடுத்தாள். வழக்கமான சொல்லையும் சொல்லித்தான் கொடுத்தாள்.

இரத்தப் பரிசோதனையில் கரு தங்கியது தெரிந்தது. ஏழாவது வாரம் ஸ்கேனில் இரண்டு துடிப்பு. மதிவதனி தெருவைத் தாண்டி ஓடி வந்தாள். "ஓடாதடி!" என்று ஈஸ்வரி போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்காயெல்லாம் எழும்பின.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தூக்கைத் திறந்தாள். முதல்நாள் சாயங்காலம் போட்ட ஒரு பழம் உள்ளே கிடந்தது. பழக்கடையில் பழம் கறுப்பது அதிசயமா என்ன? ஆனால் இது நடுவில் கோடு கிழித்தமாதிரி பாதி கறுத்திருந்தது. ஒட்டிப்பிறந்த இரண்டில் ஒன்று மையாகக் கறுத்துச் சுருங்கியிருக்க, மற்றது மஞ்சள் குறையாமல் விறைப்பாக இருந்தது. தெருமாட்டின்முன் போட்டாள். ஒரு தோலுக்குத் தெருவையே இரண்டாக்குகிற மாடு அது. மோந்து பார்த்துவிட்டுப் பின்னுக்கு நகர்ந்து போயே போய்விட்டது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்குகிற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்தபடி ஈஸ்வரி உட்கார்ந்திருந்தாள். பதினோரு மணிக்கு மதிவதனி வெளியே வந்தாள். கடைப்பக்கம் திரும்பாமல் காரில் ஏறிப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மறுபடி வந்தாள். முழங்கையில் ஊசி போட்ட பிளாஸ்திரி, கன்னம் ஒட்டியிருந்தது. வந்தவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு இல்லக்கா" என்றாள். "ஒண்ணுக்குத் துடிப்பு இருக்கு. ஒண்ணு நின்னு போச்சு."

ஈஸ்வரி எக்ஸ்ரே பிலிமைக் கீழே வைத்தாள்.

"நீங்க சொன்னத நான் கேக்கலக்கா. அன்னிக்குக் கார்ல ஏறினதும் அவரு, ரெண்டுல ஒண்ணு எனக்குக் கெடையாதான்னு சிரிச்சாரு. அஞ்சு நாள்ல அவருக்கு ப்ளைட்டு. மனசு கேக்கல. பிச்சு ஊட்டிவிட்டேன். ஒண்ணு நான், ஒண்ணு அவரு." குரல் உடைந்தது. "டாக்டரம்மா சொல்றாங்க, ரெட்டையில ஆரம்பத்துல ஒண்ணு தன்னால கரைஞ்சு போறது நெறைய பேருக்கு உண்டு, யாரு தப்பும் கெடையாதுன்னு. நான் பழத்தப் பிச்சது அவங்களுக்குத் தெரியாதுல்ல?"

"சாப்ட்டியா?"

"மூணு நாளா எதுவும் எறங்கல. குளுக்கோஸ் ஏத்தித்தான் அனுப்பினாங்க. இப்படியே இருந்தா இன்னொண்ணும் தாங்காதுன்னு திட்டுறாங்க. வாய்ல வச்சா அந்தப் பழந்தாங்க்கா ஞாபகம் வருது."

ஈஸ்வரியின் நாக்கு நுனிவரை அந்தக் கறுத்த பாதி வந்து நின்றது. சொன்னால் இந்தப் பெண் உயிரோடு எழுந்திருக்கமாட்டாள். எதிரில் இருப்பது ஒருத்தி அல்ல, இன்னும் இரண்டு உயிர் என்று அவளுக்குத் தெரிந்தது.

"அடி போடி பைத்தியக்காரி" என்றாள், தெருவே கேட்கும்படி. "டீச்சராம் டீச்சரு. இதத்தான் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறியா?"

குனிந்து தூக்கை இழுத்து மடியில் வைத்துத் திறந்தாள். அன்று காலை அறுத்துப்போட்ட பழம் ஒன்று கிடந்தது. இத்தனை வருடத்தில் முதல்தடவையாகக் கண்ணுக்கு நேரே பிடித்துத் தோலை உரித்தாள். உள்ளே இரண்டும் முதுகோடு முதுகு சாய்ந்துகொண்டிருந்தன. ஒன்றைத் தின்றாள். மென்று முழுங்கி, அடுத்ததையும் தின்றாள். பழுத்த பூவன்தான், தேனாக இனித்தது. தொண்டையில்தான் நின்று நின்று இறங்கியது.

"பாத்துக்கிட்டியா? ரெண்டையும் நானே தின்னுட்டேன். எனக்கு நாப்பத்தேழு வயசு. வீட்டுக்குத் தூரம் நின்னு மூணு வருசமாவுது. புருசன் பாபநாசத்துல இருக்கான். எனக்கு ரெட்டைப்புள்ள பொறந்தா வந்து பேரு வச்சிட்டுப் போ. பழம்டி இது. வெறும் பழம்."

மதிவதனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்த வழியே அழுகையும் வந்தது. அழுது முடியட்டும் என்று ஈஸ்வரி காத்திருந்து, சீப்பிலிருந்து ஒற்றைப் பூவன் ஒன்றைப் பிய்த்து உரித்து அவள் கையில் வைத்தாள். மதிவதனி மெல்லக் கடித்தாள். இறங்கியது. இன்னொன்று கேட்டு வாங்கினாள். தண்ணீர் குடித்தாள். "வரேங்க்கா" என்று எழுந்து போகும்போது, மூன்று நாள் பட்டினி கிடந்தவளின் நடை இல்லை அது.

கார் முனை திரும்பிய பிறகும் ஈஸ்வரி அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர் ஒருவர் வந்து அரை டஜன் பூவன் கேட்டார். காதில் விழவில்லை. இரண்டாம் தடவை அவர் சத்தமாகக் கேட்டபோதுதான் நிமிர்ந்தாள். அவளுடைய வலது கை சட்டைக்கு அடியில் போய் வயிற்றின்மேல் பதிந்திருந்தது. அதை எடுக்காமல், அரை டஜனையும் இடது கையாலேயே எடுத்து அவரிடம் நீட்டினாள்.