கோட்டுப் பையில் இருந்த உருண்டை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோயமுத்தூருக்குக் கிழக்கே ஒரு சின்ன ஸ்டேஷனில் நான் மாஸ்டராக இருந்தேன். மாஸ்டர் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். டிக்கெட் கொடுப்பதும் நான், தந்தி அடிப்பதும் நான். கைகாட்டி இழுக்க மட்டும் ஓர் ஆள் உண்டு.

டவுன் மில்லில் வேலை செய்த ஒரு பெண் தினமும் காலையில் அங்கேதான் வண்டி ஏறுவாள். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். தோட்டத்துக் கூலியை விட்டு மில்லில் சேர்ந்தவள். ஒரு நாள் கேட்டாள்: "ஏனுங் சாமி, ஒரு வண்டி போனதும் பொறத்தாலயே இன்னொண்ணு உட்டா என்னங்க? கூட்டங் கொறையுமில்லீங்க?"

எனக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! அறை வாசலுக்கு அழைத்து, பெட்டியிலிருந்து இரும்பு உருண்டை ஒன்றை எடுப்பது எப்படி என்று பாடமே நடத்தினேன். இருப்பது ஒற்றைத் தண்டவாளம். நமக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவில் ஒரு சமயத்தில் ஒரே வண்டிதான். அடுத்த ஸ்டேஷன்காரர் 'லைன்' கொடுத்தால், அதாவது வண்டியை விடலாம் என்று சம்மதித்தால்தான் பெட்டியிலிருந்து உருண்டை வரும். அது கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். அது அடுத்த ஸ்டேஷன் பெட்டிக்குள் விழும்வரை இரண்டு பக்கமும் வேறு உருண்டை வெளியே வராது.

"அப்ப அது ஊடு போயிச் சேந்தாத்தான் அடுத்த வண்டிங்கறீங்க" என்றாள். நான் சொன்னதைவிட அவள் சொன்னது தெளிவாக இருந்தது.

மில் சங்கு ஊதி நின்றதும் கேட்டை மூடிவிடுவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவள் இரண்டு தடவை பிந்தியிருந்தாள். மூன்றாவது தடவை பிந்தினால் பெயரை அடித்துவிடுவார்கள் என்பதை அவளே என்னிடம் சொல்லியிருந்தாள்.

அன்று காலை ஈரோட்டுப் பக்கம் போகும் வண்டி வந்து நின்றது. அது போய் அடுத்த ஸ்டேஷனைச் சேர்ந்தால்தான் அங்கே காத்திருக்கும், அவள் ஏறும் மில் வண்டி இங்கே வரும். அடுத்த ஸ்டேஷன் லைன் கொடுத்துவிட்டது, உருண்டையையும் எடுத்துவிட்டேன். அப்போது ஒரு பண்ணையாள் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"பண்ணாடி வாராருங்க. ரெண்டு நிமிசம் வண்டிய நிறுத்திப்போடச் சொன்னாருங்க."

பண்ணாடி என்றால் ஊரில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரர். அவர் தோட்டத்துத் தேங்காய் என் வீட்டுக்கு வரும். அதைவிட, நாலு பேர் முன்னால் அவர் என்னை "ஏனுங் மாஸ்டர்" என்று கூப்பிடுவது எனக்குப் பிடிக்கும். வெட்கக்கேடு, அவ்வளவுதான் காரணம். உருண்டையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். முறைத்த கார்டிடம், அடுத்த ஸ்டேஷன்காரன் லைன் தரவில்லை என்று புளுகினேன்.

இரண்டு நிமிடம் இருபதானது. அந்தப் பெண் கிட்டே வந்தாள். "சாமி, இந்த வண்டி போனாத்தானுங்களே எங்க வண்டி வரும்?"

"அங்க லைன் குடுக்கல. உனக்கென்ன தெரியும்? போயி நில்லு."

எல்லாம் அவளுக்குத் தெரியும். நான்தானே சொல்லிக் கொடுத்தேன். போய் நின்றாள். பண்ணாடி சாவகாசமாக மாட்டுவண்டியிலிருந்து இறங்கி, மாட்டைத் தட்டிக்கொடுத்துவிட்டு ரயில் ஏறினார்.

மத்தியானமே அவள் திரும்பி வந்தாள். கேட்டில் விடவில்லை. "வண்டி லேட்டுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்தீங்கன்னா மறுபடி சேத்திக்குவாங்களாமுங்க."

சீட்டு கொடுத்தால் விசாரணை வரும், லைன் கொடுத்த நேரம் எழுதிய அடுத்த ஸ்டேஷன் புத்தகம் என் பொய்யைக் காட்டிக் கொடுத்துவிடும். "அதுக்கெல்லாம் ரூல் இல்லை" என்றேன். ரூலைப் பற்றி நான்!

என் கோட்டுப் பையைப் பார்த்தாள். "உருண்டை உங்க பையிலதானுங்களே இருந்துச்சு, சாமி" என்றாள். பிறகு, எனக்கு ஆறுதல் சொல்வது போல, "நான் யாருகிட்டயும் சொல்லலீங்க" என்றாள்.

நான் டிக்கெட் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

மறு வாரம் அவள் பண்ணாடி தோட்டத்தில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எப்போதும் போலக் கும்பிட்டாள். அந்தத் தோட்டத்துத் தேங்காய் அதற்குப் பிறகும் என் வீட்டுக்கு வந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.