மோட்டாரைப் பிடித்த போல்ட்

முறுக்கினால் எதுவும் அடங்கும் என்று நம்பிய முட்டாள் நான். ஜெலாப்பாங் தொழிற்சாலையில், ஆட்களின் தலைக்கு மேலே அதிரும் மோட்டாரின் குட்டை போல்ட் தினமும் தளரும். இன்னும் இறுக்க, ஸ்பேனர் பிடியில் நீளக் குழாயைச் செருகி அதில் தொங்கினேன். போல்ட் அறுந்தது, நான் விழுந்தேன்.

அதன்பின் முதலாளி வரவழைத்த இன்ஜினியர் அக்கா, எதையும் நகத்தால் தட்டிவிட்டுத்தான் பேசுவார். தடித்த இரும்பு உருளை ஒன்றைத் துளையிட்டு, போல்ட்டின் தலைக்கும் மோட்டாருக்கும் நடுவே வைத்து, அதன் வழியே இரு மடங்கு நீளமான போல்ட்டைப் போட்டார்.

“குட்டையானது இழுபடாது லா. அடியில பெயின்ட் கொஞ்சம் அமுங்கினாலே பிடி போயிரும். நீளமானது ரப்பர் மாதிரி இழுபட்டுப் பிடிச்சுக்கிட்டே இருக்கும்.”

இரும்பு, ரப்பர் மாதிரியாம்! ஆனால் மாதமொன்றாகியும் அது தளரவில்லை. தினமும் வாய்பிளந்து பார்க்கிறேன், கைதான் அரிக்கிறது.

மறுபடி வந்தவரிடம் கெஞ்சினேன்: “அக்கா, ஒரே ஒரு தடவ முறுக்கிக்கிறேனே?”

“தொடாதீங்கண்ணே.”