கட்டிலுக்கடியில் சித்தப்பாவின் ஷூ

சித்தப்பாவின் கறுப்பு ஷூ இன்று காலையிலிருந்து என் கட்டிலுக்கடியில் இருந்தது. பழைய மலையாளப் பத்திரிகையில் சுற்றிக் கொண்டுவந்து தந்தவள் சித்தி. "நாளைக்கு மெடிக்கல் போர்டு முடியற வரைக்கும் உங்கிட்டயே இருக்கட்டும். அவர் கேட்டா தெரியாதுன்னு சொல்லிடு" என்றாள். அப்போதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பட்டாளத்திலிருந்து சித்தப்பா திரும்பியபோது பென்ஷனோடு முழங்கால் வலியும் கூடவே வந்தது. மலையில் விழுந்த அடி. மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் காவலுக்கு நின்றுகொண்டே அரசாங்க வேலைக்கு அலைந்தார். நான்தான் துணை. படகில் எறணாகுளம் போவோம்; ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டும்; படகுத்துறையில் சாயா குடித்துவிட்டுத் திரும்புவோம். கடைசியில் ஒரு குமாஸ்தா வழி சொன்னார். முன்னாள் ராணுவத்தினரில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை உண்டு, மருத்துவக் குழு சான்று தந்தால் போதும் என்றார். சித்தி அன்று பாயசம் வைத்தாள்.

குழுவின் முன் போன நாளை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. படகிலிருந்து இறங்க என் தோளைப் பிடித்த மனிதர், டாக்டர் "சேட்டா, ஒண்ணு நடந்து காட்டூ" என்றதும் நெஞ்சை நிமிர்த்தி, கைவீசி, அணிவகுப்பு நடை நடந்தார். திரும்பும்போது பளபளக்கும் ஷூவின் குதிகாலை வேறு தட்டினார். வலி உண்டா என்ற கேள்விக்கு, "இல்லை சார்!" டாக்டர் சிரித்தார். "நல்ல நடையாணல்லோ!" சான்று கிடைக்கவில்லை. வெளியே வந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவரை என்ன சொல்லித் திட்டுவது? "ஆபீசர் முன்னால நொண்டிக்கிட்டா நடக்கச் சொல்றே?" என்று என்மேல்தான் எரிந்து விழுந்தார். வீட்டுக்கு வந்ததும், "அந்த நடைய வீட்ல ஒரு நாள் நடந்திருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு சித்தி அழுதாள்.

மேல்முறையீடு செய்து வாங்கிய இரண்டாவது வாய்ப்பு நாளைக்கு. வயது வரம்பு இந்த வருஷத்தோடு சரி. ஷூ இல்லாவிட்டால் அந்த நடை வராது என்பது சித்தியின் கணக்கு.

சாயங்காலம் ஜன்னல் வழியே பார்த்தேன். கிடங்குத் தெருவில் ரப்பர் செருப்போடு, சுவரைத் தொட்டுத் தொட்டு, காலை இழுத்தபடி சித்தப்பா வந்துகொண்டிருந்தார். நாளைக்கும் இப்படியே வாருங்கள் சித்தப்பா என்று மனசு அடித்துக்கொண்டது. கதவைத் திறந்தேன். என்னைப் பார்த்ததுமே கை சுவரை விட்டது, முதுகு நிமிர்ந்தது. ரப்பர் செருப்பிலேயே விறைப்பாகப் படியேறி வந்து நின்றார்.

"ஷூ எங்கடா?"

இனி ஒளித்துவைத்து என்ன? கட்டிலுக்கடியில் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். "கால் வலிக்குதா சித்தப்பா?"

"எனக்கென்ன?" என்றார், விறைப்பு மாறாமல்.