சூடு ஆறாத கட்டில்

எல்லாம் எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்று கேட்டால், தெரியவில்லை. அந்த நாட்களில் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில்தான் நடமாடிக்கொண்டிருந்தேன். கிழமைகூட மாறியிருக்கலாம். ஆனால் கட்டிலில் இருந்த சூடு பொய்யில்லை. கையால் தொட்டுப் பார்த்தேன்.

அறுப்பு மெஷின் வந்த வருடம் வயலில் எங்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. நூல் ஆலைக்கு வந்தேன். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை வேலை. தங்குவதற்கு ஆலை விடுதி. ஆளுக்கொரு கட்டில் இருக்கும் என்று நினைத்துப் போனேன். வார்டன் அம்மா சிரித்தார்.

“ஒரு கட்டிலுக்கு ரெண்டு பேரும்மா. ராத்திரி அவ, பகல்ல நீ. சண்டையே வராது. மூஞ்சியப் பாத்தாத்தானே!”

அப்படித்தான் ஆயிற்று. எட்டு மாதம் ஒரே கட்டில். அவள் முகம் எனக்குத் தெரியாது. காலைச் சங்குக்கு ஒரு கூட்டம் ஆலைக்குள் போகும், ஒரு கூட்டம் வெளியே வரும். அதில் யாரோ ஒருத்தி அவள். நான் வந்து படுக்கும்போது போர்வைக்குள் அவளுடைய சூடு மிச்சமிருக்கும். போகும்போது தலையணையைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போவாள், வியர்வை படாத பக்கம் எனக்கு வருகிற மாதிரி. மாலையில் நானும் அவளுக்கு அதையே செய்வேன்.

அந்த வாரம் ஆள் குறைவு என்று இரண்டு மெஷின் பார்க்கச் சொன்னார்கள். நின்றபடியே கண் சொருகியது. பக்கத்து மெஷின் அக்கா முழங்கையால் இடித்தாள்.

“ஏய், கண்ணத் தொற. இதுக்கு நூலும் ஒண்ணுதான், வெரலும் ஒண்ணுதான்.”

செவ்வாய்க்கிழமை காலை. தலையணையை அவள் திருப்பியிருக்கவில்லை. ஈரமாக இருந்தது. அவளுக்கும் அசதி போல...

புதன்கிழமை. போர்வைக்குள் வழக்கத்தைவிட அதிகச் சூடு. தலையணையில் ஒரு பிடி பஞ்சு. நனைந்த பஞ்சு.

வியாழக்கிழமை. ஆறேகால். கதவைத் திறந்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது.

கட்டிலில் யாரோ படுத்திருந்தார்கள்.

சுவரைப் பார்த்தபடி. போர்வை தலைவரை.

“அக்கா... சங்கு ஊதிருச்சு. நேரமாச்சு.”

அசைவில்லை. மூச்சுச் சத்தமும் இல்லை.

“கேக்கலையே...” தூக்கக் குரல். “எனக்கு இப்பல்லாம் அது கேக்கறதே இல்ல. நீயும் படு.”

சுவரோரம் நகர்ந்தாள்.

கிரீச்...

ஓடியிருக்க வேண்டும். உடம்பில் தெம்பில்லை.

படுத்தேன்.

முதுகுக்குப் பின்னால் சூடு...

மாலையில் விழித்தபோது தனியாக இருந்தேன். அந்த வாரத்திலேயே அன்றுதான் நன்றாகத் தூங்கியிருந்தேன். வார்டன் அம்மாவிடம் போய், “அந்த அக்காவுக்கு உடம்பு சரியில்லையா? காலையில வேலைக்குப் போகாம படுத்திருந்தாங்களே” என்றேன்.

அவர் கையிலிருந்த சாவிக்கொத்து விழுந்தது.

“திங்கக்கிழமை மத்தியானமே மெஷின் மேல தூங்கி விழுந்து செத்துட்டாம்மா. நைட் ஷிப்டு பயந்துரும், சொல்லாதேன்னாங்க. மூணு ராத்திரியா அந்தக் கட்டில் காலியாத்தான் கெடக்கு.”

ஆலை இன்னும் ஓடுகிறது. அவள் நின்ற மெஷினுக்கு இப்போது ஆளே தேவையில்லை. வார்டன் அம்மா மகள் வீட்டில் இருக்கிறார். பக்கத்து மெஷின் அக்காவுக்குக் காது போய்விட்டது. நான் அன்றே கிளம்பிவிட்டேன். இப்போது துணிக்கடையில் வேலை. எனக்கென்று தனிக் கட்டில். சுவரோரம் ஒரு ஆள் இடம் விட்டுத்தான் படுக்கிறேன். காலையில் எழுந்ததும் அந்தப் பக்கத்தைத் தொட்டுப் பார்ப்பதில்லை.