கச்சிராயபாளையத்துக்கு மேலே கடல்

"கேப்டன், அந்தப் பெண்ணுக்குக் கடல் தெரிகிறதா என்று கேளுங்கள்."

விமானக் கட்டுப்பாட்டு அறையில் நான் வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் நானே கேட்ட கேள்விகளிலேயே கிறுக்குத்தனமானது இதுதான். நான் சொல்லும் இடம் கல்வராயன் மலை. அங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் பஸ் ஏறித்தான் போகவேண்டும். பக்கத்து இருக்கையில் இருந்த சூப்பர்வைசர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அன்று நடந்தது இது. மலைக்கு மேற்கே உள்ள ஒரு பயிற்சிப் பள்ளியின் சின்ன விமானம். அதில் ஒரே ஒரு மாணவி. கிழக்கே போய்விட்டுச் சாயங்காலம் திரும்பும்போது மேகம் கவிந்து வழி தவறிவிட்டாள். தாழப் பறந்ததால் எங்கள் ரேடாரில் அவள் இல்லை. அவள் பேசுவது எங்களுக்குக் கேட்கவும் இல்லை. மேலே உயரத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு பயணிகள் விமானத்தின் கேப்டனுக்கு மட்டும் கேட்டது. எங்கள் கேள்வியை அவர் அவளிடம் கேட்பார், பதிலை எங்களுக்குச் சொல்வார். இதை ரிலே என்போம். கேப்டன் வடக்கத்திக்காரர், நல்ல கனத்த குரல். பேச்செல்லாம் இங்கிலீஷ்தான், உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: அவள் மலையைத் தாண்டிவிட்டாளா, இல்லையா? தாண்டியிருந்தால் இன்னும் கீழே இறங்கி, மேகத்துக்கு அடியில் நேராக வீடு போய்ச் சேரலாம். தாண்டாமல் இறங்கினால் மேகத்துக்குள் மறைந்திருக்கும் மலையில் போய் மோதுவாள். பெட்ரோலும் கம்மி. சுற்றிச் சுற்றித் தேட நேரம் கிடையாது.

"மலையைத் தாண்டிவிட்டாளா?"

"அஃபர்ம் என்கிறாள்." அஃபர்ம் என்றால் ஆமாம்.

"நெடுஞ்சாலை தெரிகிறதா?"

"அஃபர்ம்."

சூப்பர்வைசருக்கு நிம்மதி. "அவ்ளோதான், எறங்கச் சொல்லு. மொதல்ல வூடு போய் சேரட்டும்" என்றார்.

எனக்கு ஏனோ மனசு ஒப்பவில்லை. பதில் ரொம்பச் சீக்கிரம் வருகிறது. வழி தெரியாமல் தவிக்கிறவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கக் கொஞ்சமாவது நேரம் எடுக்கமாட்டாளா? "சாலை இடப்பக்கமா?" என்று கேட்கச் சொன்னேன். அஃபர்ம். கொஞ்சம் விட்டு, "வலப்பக்கமா?" என்றேன். அதற்கும் அஃபர்ம்.

எனக்கு அத்தாவின் துணிக்கடை ஞாபகம் வந்துவிட்டது; அப்பாவை நாங்கள் அத்தா என்போம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் பக்கம் எங்கள் கடை. "இந்தச் சேலை புடிச்சிருக்கா?" என்று கேட்டால் வந்தவர்கள் அத்தனை பேரும் "ஆமாங்க" என்பார்கள். சொல்லிவிட்டு எதிர்க்கடையில் போய் எடுப்பார்கள். கடைக்காரர் மூஞ்சிக்கு நேராக இல்லை என்று சொல்லக்கூடாதாம், அப்படி ஒரு மரியாதை! அத்தா கடைப்பையன்கள்மேல் எரிந்து விழுவார். "புடிச்சிருக்கான்னு கேக்காதீங்கடா. இன்னா கலரு வேணும்னு கேளுங்க. அப்பத்தான் வாயத் தொறப்பாங்க."

அதனால்தான் கடல். இல்லாத ஒன்றுக்கும் ஆமாம் என்கிறாளா என்று கேட்டுப் பார்த்துவிடுவோமே என்று தோன்றியது.

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு கேப்டன் குரல், இந்த முறை மெதுவாக: "கடல் தெரிகிறதாம். மேடம், அங்கே ஏது கடல்?"

சூப்பர்வைசர் முகத்தில் ஈயாடவில்லை. "கடலா? எங்க கீது கடலு?" என்றார்.

அதுவரை வந்த பதில் ஒன்றையும் நம்ப முடியாது. "கேப்டன், இனிமேல் எந்தப் பெயரையும் நாம் சொல்ல வேண்டாம். கீழே என்ன பார்க்கிறாய், நீயே சொல் என்று மட்டும் கேளுங்கள். அவசரமில்லை என்றும் சொல்லுங்கள்." அவசரம் இருந்தது. இருந்தாலும் சொல்லச் சொன்னேன்.

இந்தத் தடவை பதில் வர நேரமானது. நல்ல அறிகுறி, பார்க்கிறாள்.

"ஒரு நீளமான சுவர். ஒரு பக்கம் தண்ணீர். மறுபக்கம் பச்சை வயல். கொஞ்சம் தள்ளி உயரமான புகைபோக்கி, அதன் அடியில் டிராக்டர்கள் வரிசையாக நிற்கின்றன. முன்னால் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கச்சிராயபாளையம் என் குப்பி, அதாவது அத்தாவின் தங்கை, வாழ்க்கைப்பட்ட ஊர். பெருநாளைக்கு டவுன் பஸ் ஏறிப் போய் நாங்கள் ஓடி விளையாடிய கோமுகி அணைதான் அந்தச் சுவர். புகைபோக்கி சர்க்கரை ஆலை. அப்படியென்றால் அவள் மலையைத் தாண்டவே இல்லை. மேற்கே மூக்கை நீட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்கு மேலே பறக்கிறாள். அந்த வெள்ளைக்குள்தான் கல்வராயன் மலை இருக்கிறது.

"இறங்க வேண்டாம். உடனே கிழக்கே திருப்பி உயரம் ஏறச் சொல்லுங்கள். அவள் வாயால் திருப்பிச் சொல்ல வையுங்கள்."

திருப்பிச் சொன்னாள். திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் ரேடாரில் ஒரு புள்ளி வந்தது. யா அல்லாஹ், அந்தப் புள்ளியை நான் பார்த்த பார்வை! கிழக்கே உள்ள விமான நிலையத்தில் பத்திரமாக இறங்கினாள்.

டியூட்டி முடிந்ததும் அவளுக்குப் போன் செய்தேன். ரேவதி என்று பெயர் சொன்னாள். ஊரைக் கேட்டேன்.

"நைனார்பாளையங்க மேடம்."

"அடிப்பாவி! சொந்த ஊரு பக்கத்துலயே சுத்திக்கினு இருந்தியே, தெரியலியா?"

"மேல இருந்து பாத்தா எல்லாம் ஒரே கரும்பாத்தாங்க தெரியுது."

"அது கெடக்கட்டும். கடல் தெரியுதான்னா ஏம்மா ஆமான்ன?"

"அவ்ளோ பெரிய கேப்டன் கேக்கறாரு. இல்லாததையா கேப்பாரு? என் கண்ணுக்குத்தான் தெரியலியோன்னு நெனச்சேங்க. எங்கப்பா கரும்பு வெட்டறவருங்க. மேஸ்திரி இன்னா கேட்டாலும் ஆமாங்கன்னுதான் சொல்லுவாரு. எனக்கும் வாயில அதான் வந்துச்சு."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. புதிதாக வேலைக்கு வரும் கன்ட்ரோலர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்: பயந்திருப்பவரிடம் ஆமாம் என்று முடிக்கக்கூடிய கேள்வியைக் கேட்காதீர்கள். நீங்கள் நினைப்பதுதான் உங்களுக்குத் திரும்பி வரும்.

சொல்வது சுலபம். அன்றைக்குப் போனை வைக்கும் முன் நானே கேட்டேன், "இப்ப பயம் போயிடுச்சா?"

"ஆமாங்க மேடம்."

டக்கென்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். "ரேவதி, இப்ப எப்படிம்மா இருக்க?"

அழுகையோடு குரல் வந்தது.

"கை இன்னும் நடுங்கிக்கினே இருக்குதுங்க மேடம். போன வச்சுடாதீங்க."

நான் வைக்கவில்லை.