தோசை சுடுபவரின் சம்பளச் சான்று

கொழும்பில் கணக்கப்பிள்ளை என்று பொய் சொல்லித்தான் அவளைக் கட்டினேன். உண்மையில் சாப்பாட்டுக் கடையில் தோசை சுட்டேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் கடைசியில், மனைவியை அங்கே அழைத்துப்போக அந்நாட்டு அதிகாரிகள் வருமானச் சான்று கேட்டார்கள். நான் விடுப்பில் வந்திருந்தபோது முதலாளியின் கடிதம் திருச்சுழி வீட்டுக்கே வந்தது. மிஷன் பள்ளியில் படித்தவள், பிரித்து வாசித்துவிட்டாள்.

பருத்திக் காட்டிலிருந்து திரும்பிய என்னிடம் நீட்டினாள்.

“தோசை சுடுறவருன்னு போட்டிருக்கு. யாருங்க இவுக?”

இனி என்னோடு வருவாளா?

“நான்தான். நெசத்தச் சொன்னா ஒங்கய்யா பொண்ணு குடுத்திருக்க மாட்டாக.”

“அவுக மாட்டாகதான். எங்கிட்டக் கேட்டீகளா?”

அவள் கடிதத்தைத் தன் பெட்டியில் வைத்து மூடினாள்.

“கொழும்புல அடுப்பு ஒங்க பாடு. எனக்கு முறுகலா வேணும்.”

இப்போது தொழில் கேட்பவர்களிடம் தோசை சுடுபவன் என்றே சொல்கிறேன். அவள் பக்கத்தில் இருந்தால் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது.